சொற் சிக்கனம்

நம் நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. இன்று இவ்வளாகத்தில் பயிலும் தமிழ் மாணவரில் தந்திப் படிவம் ஒன்றைத் தம் கையால் எழுதிக் கொடுத்தவர் அநேகமாக ஒருவரும் இரார். ஆயினும் பாட்டனார் பாட்டியார் வாயிலாக அதன் கதையைக் கேளாதவரும் இரார். தந்திச் சேவகர் வாசலில் வந்து நின்றதுமே, உறையைப் பிரிக்கும் முன்னரே, வீட்டில் அழுகை தொடங்கிவிடுமாம். 'தாயார் கவலைக்கிடம். உடனே புறப்படு.' நான்கே சொற்கள். டில்லியிலோ கல்கத்தாவிலோ வேலை பார்த்த மகன் அந்த நான்கு சொற்களைக் கண்டதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலடிக்குக் கிளம்பிவிடுவான். என்ன நோய், எத்தனை நாளாய், எந்த டாக்டர் பார்க்கிறார் என்பன அதில் இல்லை. அவன் புறப்படுவதற்கு அவை வேண்டியதும் இல்லை.

சொல்லுக்கு இவ்வளவு காசு என்று தந்தி ஆபீஸில் கணக்கிட்டு வாங்கினார்கள். ஆதலால் சாதாரண மக்களும் ஒவ்வொரு சொல்லையும் தராசில் இட்டு நிறுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றோ கைப்பேசியில் நாள் முழுவதும் பேசினாலும், பக்கம் பக்கமாய் எழுதி அனுப்பினாலும் சொல்லுக்குத் தனியே காசில்லை. அப்படியானால் சொற் சிக்கனம் எதற்கு? காசு கொடுக்காத பொருளை ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும்?

சிக்கனம் இன்றும் வேண்டும். ஏனெனில் செலவு நின்றுவிடவில்லை. பை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு சொல்பவனுடைய பணம் செலவாயிற்று. இப்போது கேட்பவனுடைய பொழுதும் கவனமும் செலவாகின்றன. எனினும் சிக்கனம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சொற்களை வெட்டித் தள்ளுவது என்று பொருள் கொள்ளலாகாது. கேட்பவருக்கு முன்னமே தெரிந்ததை விட்டுவிடுவது ஒன்று. அவருக்குத் தெரியாததை விடாதிருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே சொற் சிக்கனம். முதலாவதைப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவதை மறந்தவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்து இங்கே சிறிது ஆராய்வோம்.

தந்தியின் இரகசியம்

1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனையாகப் போடப்பட்ட கம்பியிலிருந்து நம் நாட்டுத் தந்தியின் வரலாறு தொடங்குகிறது. கம்பியில் எழுத்தாகச் சென்றவை புள்ளியும் கோடுமே. இந்த மோர்ஸ் முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்து 'ஈ'. அதற்குக் குறி ஒரே ஒரு புள்ளி. அடுத்தபடியாக அடிக்கடி வரும் 'டி'க்கு ஒரே ஒரு கோடு. எப்போதோ ஒரு முறை தலைகாட்டும் 'க்யூ'வுக்குக் கோடு, கோடு, புள்ளி, கோடு என நான்கு குறிகள். அடிக்கடி வருவதற்குச் சிறிய குறி, அரிதாய் வருவதற்குப் பெரிய குறி என்ற இந்த ஒரே ஏற்பாட்டினால், அதே செய்தி அதே கம்பியில் விரைவாகச் சென்றது.

மனிதர் பேசும் மொழியும் இவ்விதியை யாரும் சொல்லிக்கொடாமலே பின்பற்றி வந்திருக்கிறது. வா, போ, தா, நீ, கை, தீ, பூ என்பன நாள்தோறும் நூறு முறை வேண்டியவை. எல்லாம் ஓரெழுத்தில் நிற்கின்றன. நன்னூலார் இத்தகைய ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்கிட்டிருக்கிறார். பிற்காலத்தில் வந்த பொருள்களும் அன்றாடப் புழக்கத்திற்கு வந்ததும் பெயரில் தேய்ந்துபோகின்றன. 'புகைவண்டி' எழுத்தில் இருந்தது. வாயில் 'ரயில்' ஆயிற்று. 'டெலிபோன்' வெறும் 'போன்' ஆயிற்று.

தந்தி ஆபீஸில் இன்னொரு வசதியும் இருந்தது. தீபாவளி வாழ்த்து, திருமண வாழ்த்து, பரீட்சையில் தேறியதற்குப் பாராட்டு என்று வழக்கமான வாசகங்களை அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். அனுப்புகிறவர் எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும். கம்பியில் அந்த எண் மட்டுமே செல்லும். சேரும் ஊரில் உள்ள குமாஸ்தா தம்மிடமுள்ள பட்டியலைப் பார்த்து முழு வாழ்த்தையும் எழுதிக் கொடுத்துவிடுவார். பெரிய வியாபாரக் கம்பெனிகள் தங்கள் நீண்ட விலாசத்துக்குப் பதிலாக ஒரே சொல்லில் தந்தி விலாசம் பதிவு செய்துகொண்டதும் இவ்வகையே.

ஓர் எண்ணுக்குள் ஒரு முழு வாழ்த்து எப்படி அடங்கிற்று? இரு முனைகளிலும் ஒரே பட்டியல் இருந்தது. பட்டியல் இல்லாத ஓர் ஊருக்கு அந்த எண்ணை அனுப்பியிருந்தால் மணமக்களுக்கு எண் மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கும். சுருக்கத்தின் இரகசியம் முழுவதும் இதுதான். எவ்வளவு சுருக்கலாம் என்பதைச் சொல்பவன் தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. கேட்பவன் கையில் என்ன பட்டியல் இருக்கிறதோ, அது முடிவு செய்கிறது.

செய்தியை அளக்கும் கோல்

இவ்வுண்மையைக் கணித வடிவில் நிறுத்தியவர் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன். 1948-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கட்டுரை செய்தியை அளப்பதற்கு ஒரு கோலை நமக்குத் தந்தது. அந்த அளவையின் பெயர் 'பிட்'. ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவிக்கும் விடை, இரண்டுக்கும் சம வாய்ப்பு இருக்குமாயின், ஒரு பிட்.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. நீங்கள் ஒரு கட்டத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். 'மேல் பாதியிலா?', 'இடப் பாதியிலா?' என்று ஒவ்வொரு முறையும் இருப்பதைப் பாதியாக்கி வினவினால், ஆறே கேள்விகளில் அக்கட்டத்தைப் பிடித்துவிடலாம். ஆகவே அந்தச் செய்தியின் அளவு ஆறு பிட். அது முதல் பாதியில்தான் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியுமானால் ஐந்து போதும். கட்டமே தெரியுமானால் நீங்கள் எவ்வளவு நேரம் விவரித்தாலும் எனக்குச் செய்தி சுழியே!

'நாளைக் காலையில் சூரியன் உதிக்கும்' என்பது நான்கு சொல். 'நாளைத் தேர்வு தள்ளி வைக்கப்பட்டது' என்பதும் நான்கு சொல். முதலாவதைக் கேட்டு விடுதியில் யாரும் தலை நிமிரார். இரண்டாவதைக் கேட்டால் மூன்று மாடியும் அதிரும். சொற்களின் எண்ணிக்கை ஒன்றுதான். செய்தியின் எடை வேறு. எதிர்பார்க்கக்கூடியதில் செய்தி குறைவு. எதிர்பாராததில் செய்தி அதிகம். ஷானனுடைய கணக்கின் சாரம் இதுவே.

இதே கணக்கைக் கொண்டு ஆங்கில எழுத்து நடையை ஆராய்ந்தபோது, அதில் ஏறக்குறையப் பாதி மிகை என்று அவர் மதிப்பிட்டார். அதாவது, எழுதுபவன் தன் விருப்பப்படி எழுதுவது பாதி. மொழியின் அமைப்பே அவனை எழுத வைப்பது பாதி. நம் மொழியிலும் இதைக் காணலாம். ஒரு சொல்லின் நடுவில் 'ங்' வந்துவிட்டால் அடுத்து வருவது பெரும்பாலும் ககர வரிசைதான்: தங்கம், சிங்கம், பங்கு, எங்கே. 'அங்ஙனம்' போன்ற ஓரிரு சொற்களே விலக்கு. ஆகவே 'ங்' என்று எழுதியதும் அடுத்த எழுத்தில் புதுச் செய்தி ஏறக்குறைய இல்லை.

அப்படியானால் இந்த மிகையெல்லாம் வீணா? வீணன்று. மழையில் நனைந்து மை கலைந்த கடிதத்தை நாம் படித்துவிடுகிறோமே, எப்படி? 'தங்' என்பதற்குப் பின் ஓர் எழுத்து அழிந்து, கடைசியில் 'ம்' மட்டும் தெரிந்தாலும் 'தங்கம்' என்று கண்டுகொள்கிறோம். மிகை என்பது மொழி தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி. இரைச்சல் மிகுந்த உலகில் வேலி வேண்டும். எவ்வளவு உயரம் வேண்டும் என்பதே கேள்வி.

நம் மொழியின் சிக்கனம்

தமிழ் தன் இலக்கணத்திலேயே சில சிக்கனங்களை வைத்திருக்கிறது. 'வந்தேன்' என்ற ஒரு சொல்லில் வந்தவன் நான் என்பதும், நான் ஒருவன் என்பதும், வந்தாயிற்று என்பதும் அடங்கிவிடுகின்றன. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்' என்பதைத் தனியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

இதனினும் நுட்பமானது வினைத்தொகை. 'ஊறுகாய்' என்ற சொல்லைப் பாருங்கள். முன்பு ஊறிய காய், இப்போது ஊறுகின்ற காய், இனி ஊறப்போகும் காய் என மூன்று காலமும் அதனுள் ஒளிந்து நிற்கின்றன. காலங்காட்டும் உறுப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் பொருள் கெடவில்லை. ஜாடியிலிருந்து தட்டுக்கு வரும் அந்த மாங்காய்த் துண்டு எக்காலத்தில் ஊறியது என்று உண்பவன் கேட்பதில்லையாதலால், அதைச் சொல்லாமல் விட்டதில் நட்டம் ஒன்றும் இல்லை. தேவையில்லாததை விட்டார்கள், 'ஊறு' என்ற வினையை விடவில்லை. அதை விட்டிருந்தால் வெறும் காய்தானே மிஞ்சியிருக்கும்!

குன்றுவதும் குற்றம்

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டினர். ஒரு நூலுக்கு அழகு பத்து என்று எண்ணுகையில் சுருங்கச் சொல்வதை முதலில் வைத்தார். விளங்க வைப்பதை அதன் பக்கத்திலேயே வைத்தார். குற்றம் பத்து என்று எண்ணத் தொடங்கும்போதோ, குன்றக் கூறலை முதற் குற்றமாகவும், மிகைபடக் கூறலை அதற்கு அடுத்த குற்றமாகவும் சொன்னார். அளவு மீறிப் பேசுபவனையே நாம் பழிக்கிறோம். அளவு குறையப் பேசுபவனை 'அழுத்தமானவன்' என்று மெச்சிக்கொள்கிறோம். பவணந்தியார் குறையக் கூறியவனை முன்னே நிறுத்தியிருக்கிறார் என்பது சிந்திக்கத் தக்கது. 20-ஆம் நூற்றாண்டில் பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் உரையாடலின் விதிகளை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்ட கட்டுரையிலும், வேண்டிய அளவு சொல்லுதல், வேண்டியதற்கு மேல் சொல்லாதிருத்தல் என்று இவ்விரண்டையுமே இணைத்துக் கூறினார்.

குறையக் கூறியதன் விலை எவ்வளவு ஆகக்கூடும் என்பதற்கு விஞ்ஞான உலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவர அமெரிக்கா 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு விண்கலத்தை அனுப்பியது. 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்பது அதன் பெயர். அது செவ்வாயை அடைந்த 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் தொடர்பு அறுந்து அழிந்தது. காரணம் என்ன? கலத்தின் சிறு உந்துகளின் விளைவைக் கணித்த குழு, பவுண்டு விசையை அடிப்படையாகக் கொண்ட அலகில் எண்களைக் கொடுத்தது. பாதையைக் கணித்த குழு அவற்றை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் வேற்றுமை ஏறக்குறைய நாலரை மடங்கு. கலம் செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து காற்று மண்டலத்தினுள் புகுந்துவிட்டது. இரு தரப்பாரும் கூட்டலில் பிழை செய்யவில்லை. எண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டிய ஒரு சொல் நிற்கவில்லை. 'இது தெரிந்ததுதானே' என்று நினைத்த இடத்தில், எதிரில் இருந்தவர் கையில் வேறு பட்டியல் இருந்தது.

பௌதிக ஆசிரியர்கள் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் குறைப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கும் இளநிலை வகுப்புத் தம்பிமார் இதை நினைவில் கொள்வார்களாக.

இதனினும் துயரமானது 1977 மார்ச் 27-ஆம் நாள் கானரித் தீவுகளில் டெனரீஃப் விமான நிலையத்தில் நடந்தது. அடர்ந்த மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள். ஒன்றின் விமானி, தாம் இப்போது புறப்பாட்டில் இருப்பதாக வானொலியில் சொன்னார். புறப்படும் இடத்தில் நிற்கிறார் என்று கட்டுப்பாட்டு அதிகாரி பொருள் கொண்டார். உண்மையில் அந்த விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. அதிகாரி 'ஓகே' என்றார். தொடர்ந்து, காத்திருக்கும்படியும் சொன்னார். அதே கணத்தில் மற்ற விமானத்திலிருந்தும் ஒருவர் பேசியதால் குரல்கள் மோதி, 'ஓகே'க்குப் பின் வந்தவை தெளிவாக விழவில்லை. இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். பனி, அவசரம் எனக் காரணங்கள் பல உண்டு என்றாலும், இருபொருள்படும் சில சொற்களும் அவற்றில் ஒன்று என்பதை யாரும் மறுக்கவில்லை.

அதன்பின் விமானப் போக்குவரத்துப் பேச்சில் கட்டுப்பாடுகள் இறுகின. புறப்பட அனுமதி தரும்போது அல்லது அதை நீக்கும்போது அன்றி 'டேக் ஆஃப்' என்ற தொடரை உச்சரிப்பதில்லை. முக்கியமான உத்தரவுக்கு 'சரி' என்று மட்டும் விடை கூறாமல், உத்தரவையே திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் சொற்கள் கூடத்தான் செய்கின்றன. ஆனால் உயிரைக் காக்கும் சொல் மிகையாகாது. 1956-ஆம் ஆண்டிலிருந்தே விமானிகள் ஆங்கில எழுத்துகளை 'ஆல்ஃபா', 'பிராவோ', 'சார்லி' என்று நீட்டிச் சொல்லி வருவதும், 'நைன்' என்ற எண்ணை 'நைனர்' என்று இழுப்பதும் இதன்பொருட்டே.

நம் கடைவீதியிலும் இந்த ஞானம் இல்லாமல் இல்லை. பேச்சுத் தமிழில் 'ஒம்பது', 'அம்பது' இரண்டும் சந்தை இரைச்சலில் ஒன்றுபோல் காதில் விழும். அனுபவமுள்ள வியாபாரி, 'அம்பது, அஞ்சு பத்து' என்று இன்னொரு விதமாயும் சொல்லி நிறுத்துவார். தகவல் கணிதம் படியாமலேயே எங்கே வேலி உயர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு?

சுருக்கத்தில் ஒரு பண்டமாற்று நடக்கிறது. சொல்பவன் மிச்சம் பிடித்ததைக் கேட்பவன் உழைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. திருக்குறள் ஏழு சீர்களால் ஆன 1330 குறட்பாக்கள். நூல் முழுவதும் 9310 சீர்களில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பரிமேலழகர் எழுதிய உரையோ மூலத்தைப்போல் பல மடங்கு. வள்ளுவர் சுருக்கியதை விரிக்க ஓர் உரையாசிரியரும், அவருரையை விளக்க ஒரு தமிழாசிரியரும் வேண்டியிருக்கின்றனர். நூற்றாண்டுகள் நிற்கவேண்டிய அறநூலுக்கு அது தகும். மனப்பாடம் செய்தவன் வாழ்நாள் முழுவதும் அதை அசைபோட்டு விரித்துக்கொள்ளலாம். தீ விபத்து அறிவிப்பையோ, ஹாஸ்டல் பாக்கி பற்றிய நோட்டீஸையோ அவ்வாறு எழுதலாகாது.

ஆராய்ச்சிக் கூடத்தில் இதைத் தினமும் காணலாம். அலமாரியில் உள்ள புட்டி ஒன்றின்மேல் 'கரைசல் 2' என்று மட்டும் எழுதியிருக்கும். எழுதியவருக்கு அன்று எல்லாம் தெரியும். ஆறு மாதம் கழித்து அவர் பட்டம் பெற்றுப் போனபின், அதில் இருப்பது அமிலமா காரமா என்று அறிய ஒருவராலும் இயலாது. பொருளின் பெயர், செறிவு, தயாரித்த தேதி, தயாரித்தவர் பெயர் என்ற நான்கும் எழுத அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததன் பலனாக, நல்ல கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாய்ச் செய்ய அடுத்தவருக்கு ஒரு முற்பகல் போகிறது. கொட்டுவதிலும் அபாயம் இல்லாமல் இல்லை.

வைத்தியரிடம் போகும்போதும் இதே விதிதான். அதிலும் நம்மில் பலர் இன்னும் சரளமாய்ப் பேச வராத மொழியில் நோயைச் சொல்ல வேண்டியவர்கள். புறநோயாளிப் பிரிவில் வரிசை நீண்டிருக்கும். நமக்குக் கிடைப்பது சில நிமிடம். ஊரை விட்டு வந்த கதை, மெஸ்ஸில் போடும் எண்ணெயின் தரம் இவற்றையெல்லாம் விட்டுவிடலாம். என்ன தொந்தரவு, எத்தனை நாளாய், இதுவரை என்ன மருந்து சாப்பிட்டோம், எந்த மருந்து நமக்கு ஒத்துக்கொள்ளாது என்ற நான்கையும் விடலாகாது. உள்ளே போகும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் இந்நான்கையும் குறித்துக்கொள்வது நல்லது. கடைசி ஒன்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். அது அவர் பட்டியலில் இல்லாத செய்தி.

கணக்குக்கு அடங்காத சொற்கள்

நிற்க. இதுவரை செய்தியைச் சுமக்கும் சொற்களையே பார்த்தோம். செய்தியைச் சுமவாத சொற்களும் உண்டு.

'சாப்பிட்டியாப்பா?'

இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் அம்மா கேட்கும் கேள்வி இது. நேற்றும் கேட்டார், நாளையும் கேட்பார். 'சாப்பிட்டேம்மா' என்ற விடையும் அவருக்கு முன்பே தெரியும். ஷானனுடைய கோலால் அளந்தால் இதில் செய்தி ஏறக்குறையச் சுழி. அதைக் கண்ட அறிவாளி ஒருவன், விடையை 'ம்' என்று சுருக்கலாம். 'தினமும் இதையே ஏன் கேட்கிறாய்?' என்று சலித்துக்கொள்ளலாம். பேசும் வழக்கத்தையே வாரத்துக்கு ஒன்றாக்கலாம். நம் விடுதிகளில் இவ்வறிவாளிகளுக்குக் குறைவில்லை.

மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி 1923-இல் வெளியான ஒரு கட்டுரையில், மனிதர் பேசும் பேச்சில் ஒரு பகுதி கருத்தைத் தெரிவிப்பதற்காக எழுவதில்லை, உறவைக் கட்டுவதற்காகவே எழுகிறது என்று எடுத்துக்காட்டினார். 'என்ன, வெளியே கிளம்பிட்டீங்களா?' என்று பக்கத்து வீட்டார் கேட்பது நம் பயணத் திட்டத்தை அறியவா? வானொலி நிலையம் பாட்டும் பேச்சும் இல்லாத இடைவேளையிலும் தன் சுமப்பலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் செய்தி இல்லை. நிலையம் இருக்கிறது என்பது மட்டும் உண்டு. அது நின்றால்தான் கேட்பவன் திடுக்கிடுகிறான். அம்மாவின் கேள்வி அந்தச் சுமப்பலை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளையின் குரல் எப்படி இருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவருக்குத் தெரிகிறது. 'ம்' என்று சுருக்கியவன் தெரிந்த விடையை மட்டும் வெட்டவில்லை. குரலையும் சேர்த்து வெட்டிவிட்டான். ஆகவே இதுவும் குன்றக் கூறலே.

புது ஊர் மொழியில் பேசும்போதும் இப்பிழை நேர்கிறது. ஹிந்தி அரைகுறையாய்க் கற்றவர் வினைச்சொல்லையும் விலையையும் மட்டும் தெரிந்துகொண்டு கடையிலும் ரிக்ஷாவிலும் பேசிவிடுகிறார். காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் பெரியவரை 'ஆப்' என்னாமல் 'தும்' என்றும், 'ஜீ' சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்காமலும் பேசுவதால், எதிரில் இருப்பவர் முகம் சுருங்குகிறது. நம் மொழியில் வயதானவரிடம் 'வா, உட்கார்' என்பதற்கும் 'வாருங்கள், உட்காருங்கள்' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியுமன்றோ? அந்த இரண்டெழுத்து, மூன்றெழுத்து ஒட்டுகளைச் செய்திக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் மனிதக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். மிகச் சிறிய செலவில் மிகப் பெரிய வரவு அவை.

நம் மேடைக்கு

உறவைக் கட்டும் சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு என்பதை நம் தமிழ் மன்றக் கூட்டங்களை முன்னிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, செயலர் அவர்களே, பொருளாளர் அவர்களே என்று ஒருவர் விளித்து முடித்தால் அது மரியாதை. பின்னால் வரும் ஆறு பேரும் அதே வரிசையை அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னால், 'அவர்களே' என்பதில் மரியாதை தேய்ந்து ஒலி மட்டும் மிஞ்சுகிறது. விருந்தினராய் வந்த பேராசிரியருக்கு ஒதுக்கிய நேரத்தை இப்படி விளிகளே தின்றுவிட்டு, இறுதியில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச நேர்ந்தால், யாரை மதிப்பதற்காக விளித்தோமோ அவரையே அவமதித்தவர்கள் ஆகிறோம். வரவேற்புரை வழங்குபவர் எல்லோரையும் பெயர் சொல்லி விளிக்கட்டும்; மற்றவர்கள் 'அவையோரே' என்ற ஒரு சொல்லில் வணங்கி, பேச வந்ததைத் தொடங்கட்டும்.

வாசகர்களின் உபயோகத்திற்காக, மேலே கூறியவற்றை நான்கு கேள்விகளாகத் தொகுத்துத் தரலாம். பேசுமுன், எழுதுமுன் இவற்றைத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். முதலாவது: இது கேட்பவருக்கு முன்பே தெரியுமா? தெரியுமானால் விடுக. இரண்டாவது: எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அவருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேனா? அப்படியானால் அதைச் சொல்லுக. அலகையும் தேதியையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுக. மூன்றாவது: இது தவறாகக் கேட்கப்பட்டால் என்ன ஆகும்? நட்டம் பெரிதானால் இரு முறை சொல்லுக. அவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுக. நான்காவது: இச்சொல் செய்திக்காகவா, உறவுக்காகவா? உறவுக்காக என்றால் கணக்குப் பார்க்காமல், ஆனால் பிறர் பொழுதை அபகரிக்காமல், மனமாரச் சொல்லுக.

திருவள்ளுவர் பயனில்லாத சொல்லைக் கடிவதற்கு ஓர் அதிகாரமும், சொல்லும் ஆற்றலைப் போற்றுவதற்கு மற்றோர் அதிகாரமும் ஒதுக்கியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருப்பதே போதுமென்றால் இரண்டாவதற்கு இடமே இல்லை. அடுத்த கூட்டத்தில் மேடையேறும் நண்பர்கள் முதலாவதை வீட்டிலேயே படித்துவிட்டு, இரண்டாவதோடு மேடைக்கு வருவார்களாக. தொலைவில் உள்ள தாய் தந்தையருக்கு இன்றிரவு பேசும் நண்பர்கள், 'ம்' என்பதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டோம் என்பதையும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வார்களாக.